ஞாயிறு மாலை ஜெபத்தில் ஜாஸ் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

பிடோக் நர்ஸ்:
இரவு ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலை நான் வீட்டுக் கதவைத் திறக்கும் நேரத்தில், இங்கே சிங்கப்பூரில் எங்கள் தமிழ் ஆராதனையில் முதல் பாமாலை பாடி முடித்திருப்பார்கள். குளித்துவிட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் கண் திறக்கும். இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போதகர் விசாரித்தால் "ஷிப்ட் ஐயா" என்பேன். அவரும் பாவம், வேறென்ன சொல்வார்?

வார்டில் கூட வேலை செய்யும் பிலிப்பினோ தோழிதான் கூப்பிட்டாள். மாலை ஆறு மணிக்கு ஜெபம், ஜாஸ் வாசிப்பார்கள் என்றாள். ஜாஸ் என்றால் எனக்கு ஹோட்டல் லிப்டில் ஓடுகிற இசைதான். சரி, தூங்கி எழுந்த பிறகுதானே என்று போனேன். சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி மழையில் நடந்தோம். ஆங்கில ஆராதனை, சின்ன ஆலயம், நாற்பது பேர் இருப்பார்கள்.

பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், சாக்ஸபோன். வாசிக்கிறவர்கள் பீடத்துக்கு முன்னால் இல்லை, பக்கவாட்டில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சங்கீதம் 141 வாசிப்பு. ஜெபம் தூபம் போல எழும்பட்டும் என்று வருமே, அந்தச் சங்கீதம். அதை வாசித்த அம்மா ஒரு வசனம் முடிந்ததும் நிறுத்துவார், சாக்ஸபோன் பதில் சொல்லும், அப்புறம் அடுத்த வசனம். பின்னணிக்கு ஏதோ வாசிப்பார்கள் என்று நினைத்துப் போன எனக்கு, வேதம் வாசிப்பவர் இசைக்காகக் காத்து நின்றது புதிது. மரியாளின் பாடலில் பலவான்கள் ஆசனத்திலிருந்து தள்ளப்படும் இடம் வந்ததும் பியானோக்காரரின் இடது கை படிப்படியாகக் கீழே இறங்கியது. பக்கத்தில் தோழி சிரித்துவிட்டாள்.

பிரசங்கம் ஐந்தே நிமிடம். அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்.

நோயாளிகளுக்காக மௌன ஜெபம் செய்யும்போது மற்றதெல்லாம் நின்று, டிரம்ஸ்காரர் மட்டும் கம்பி பிரஷால் தோலை மெல்ல உரசிக்கொண்டிருந்தார். ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று. ஆக்சிஜன் ஓடுகிற சத்தம் அதேதான். இரண்டு நாள் முன்னால்தான் வார்டில் நான் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டி இறந்து போயிருந்தார். கைக்குட்டை கொண்டு போகவில்லை நான்.

இங்கே வேறு யாராவது போயிருக்கிறீர்களா?

தேக்கா பாஸ்:
அக்கா, நான் ஜாஸ் வாசிக்கிறவன். நீங்கள் போன இடத்தில் இல்லை, வேறு ஆலயத்தில். ஷிப்ட் என்று எழுதினீர்களே, இந்த வழக்கமே அதில்தான் பிறந்தது. நியூயார்க்கில் ஜான் கென்சல் என்று ஒரு லுத்தரன் போதகர், ராத்திரியில் ஜாஸ் கிளப்புகளுக்குப் போய் வாசிப்பவர்களோடு பழகியவர். சனி இரவு விடிய விடிய வாசித்தவன் ஞாயிறு காலை எப்படி எழுந்து வருவான்? அதனால் 1965இல் செயின்ட் பீட்டர்ஸ் ஆலயத்தில் ஞாயிறு மாலை ஜாஸ் ஜெபத்தைத் தொடங்கினார். அதே வருஷம்தான் ஜாஸ் மேதை டியூக் எல்லிங்டன் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் கதீட்ரலில் தன் முதல் திருஇசைக் கச்சேரியை நடத்தினார். 1967இல் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் அடக்க ஆராதனை நடந்ததும் கென்சலின் ஆலயத்தில்தான்.

வாசிப்பதில் கஷ்டம் எதிரொலி. கல் சுவரும் உயரமான கூரையும் இருந்தால் கிளப்பில் வாசிப்பது போல வாசிக்க முடியாது, ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது ஏறிக்கொள்ளும். குச்சியை வைத்துவிட்டு பிரஷ் எடுப்பது அதனாலும்தான். பாமாலை மெட்டை ஒருமுறை நேராக வாசித்துவிடுவோம், அப்புறம்தான் அதன் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, வைத்துக்கொண்டு கற்பனை. கர்நாடக சங்கீதத்தில் நிரவல் மாதிரி என்று வையுங்கள். வரி அதுவே, போகிற வழிதான் வேறு.

பழைய பாமாலை:
எனக்கு 71 வயது. மகன் இழுத்துக்கொண்டு போனதால் நானும் ஒருமுறை போனேன். (எந்த ஆலயம் என்று கேட்க வேண்டாம்.) ஊதினவர் நாலு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார், முடித்ததும் கைதட்டல். பியானோ முடிந்ததும் கைதட்டல். யாரை ஆராதிக்கிறோம் என்றே தெரியவில்லை. போதகர் வேறு "நம்ம பேண்டுக்கு இன்னொரு தடவை" என்றார். கச்சேரி கேட்கணும் என்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு எஸ்பிளனேடு அரங்கத்துக்குப் போகமாட்டேனா? மதுக்கூடத்து இசை என்று நான் ஒதுக்கவில்லை. எந்த இசைக்கும் அடக்கம் வேண்டும்.

பிடோக் நர்ஸ்:
அங்கிள், கைதட்டல் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். நாங்கள் போன அன்று பின்வரிசையில் ஒருவர் இரண்டு தட்டு தட்டிவிட்டு, யாரும் சேரவில்லை என்றதும் கையை மடியில் வைத்துக்கொண்டார். அடக்கம் என்றதும் அப்பா ஞாபகம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை என்றால் உயிர் அவருக்கு. ஆனால் எங்கள் ஆலயத்தில் ஒரு அண்ணன் கீர்த்தனை நடுவில் ஸ்வரம் போட ஆரம்பித்தால், "அவன் பாட்டை விட்டுட்டு அவனைப் பாடுறான்" என்பார். நீங்கள் சொல்வதும் அதுதானே?

தம்பி, உங்கள் ஆலயத்தில் எத்தனை மணிக்கு?

தேக்கா பாஸ்:
மாதக் கடைசி ஞாயிறு, ஐந்தரை. இடதுபக்க மின்விசிறிக்குக் கீழே மட்டும் உட்காராதீர்கள், பாஸ் சுத்தமாகக் கேட்காது. அங்கிள், நீங்களும் வாங்க. கைதட்டக்கூடாது என்று தாளிலேயே அச்சடித்திருக்கிறோம்.

பிடோக் நர்ஸ்:
டியூட்டி அட்டவணை பார்த்தேன். அந்த ஞாயிறு எனக்கு மதிய ஷிப்ட், முடிய ஒன்பதாகும். தோழியிடம் மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். அவளும் வரணுமாம்.