பாப்புலர் மீடியா வழியாக மறைக்கல்வி: தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். மறைக்கல்வி, அதாவது திருச்சபையில் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் வகுப்பு, அதன் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. சினிமா, பாட்டு, சித்திரக்கதை, யூடியூப் தொடர் என்று பிள்ளைகள் தாங்களாகவே விரும்பிப் பார்ப்பதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து விசுவாசத்தைக் கற்பிக்கும் முறைக்குப் பெயர் வேண்டும். திருச்சபை தயாரிக்கும் புனிதர் வரலாற்றுப் படங்கள் இதில் சேராது. பழைய பதிப்பில் ‘ஊடக மறைக்கல்வி’ என்று இருக்கிறது. அதைப் படித்த ஓர் ஆசிரியர், டிவியின் தீமைகளை எடுத்துச்சொல்லும் பாடம் என்று புரிந்துகொண்டார்.

தமிழாசிரியர்:

அவர் மேல் தவறில்லை அம்மா. தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கி வரும் என்று நன்னூலே சொல்கிறது. ஊடகத்தைப் பற்றிய மறைக்கல்வி, ஊடகத்தால் ஆகும் மறைக்கல்வி, ஊடகத்தின்கண் நிகழும் மறைக்கல்வி, எல்லாமே இந்தத் தொகைக்குள் அடங்கும். அதற்காக ‘ஊடகவழி’ என்று போட்டுவிடாதீர்கள். ஊடு என்பதே ‘வழியாக’ என்ற பொருளைத் தந்துவிடுகிறது. ‘ஊடாக’ என்று சொல்கிறோமே. வழிக்கு மேல் வழி எதற்கு?

மூலத்துக்குப் போவோம். மறைக்கல்விக்கு மூலமான கத்தெக்கெசிஸ் என்ற கிரேக்கச் சொல்லில் ‘எக்கே’ என்பது ஒலி. காதில் விழும்படி ஒலிக்கச் செய்து கற்பிப்பது. லூக்கா 1:4-இல் தியோபிலுக்குக் கற்பிக்கப்பட்டதைச் சொல்லும் இடத்தில் இந்த வினைதான் வருகிறது. நம்மிடம் இதற்கு நேரான சொல் உண்டு: செவியறிவுறூஉ. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுப் பாட்டின் துறை அது. வெகுசனப் பாட்டுக்கும் கூத்துக்கும் தொல்காப்பியச் செய்யுளியலில் ‘பண்ணத்தி’ இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ‘பண்ணத்திச் செவியறிவுறூஉ’. மறை என்ற சொல்லை வேதத்துக்கே விட்டுவிடலாம்.

பங்குத்தந்தை:

ஐயா, சொல் அழகுதான். ஆனால் செவியறிவுறூஉ அரசனுக்குச் சான்றோர் சொல்லும் அறிவுரை. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் நடப்பது அதுவல்ல. பிறகு, காதோடு நின்றுபோகும் சொல் திரைப்படத்துக்கு எப்படிப் பொருந்தும்?

வெகுசன ஊடகம் என்பதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 1963-இல் ‘இன்டர் மிரிஃபிக்கா’ ஆணையை வெளியிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கம், மாஸ் மீடியா என்ற வழக்கை விட்டுவிட்டு ‘சமூகத் தொடர்பு’ என்பதையே எடுத்துக்கொண்டது. மக்களைக் கூட்டமாகப் பார்க்காமல், ஒருவரோடு ஒருவர் உறவாடுகிறவர்களாகப் பார்த்தது. 1990-இல் வந்த ‘ரெதெம்ப்தோரிஸ் மிஸ்ஸியோ’ சுற்றுமடலில் இரண்டாம் யோவான் பவுல் இன்னும் ஒரு படி போனார். நற்செய்தியைப் பரப்ப ஊடகத்தைப் பயன்படுத்தினால் மட்டும் போதாது, ஊடகம் உண்டாக்கிய புதிய பண்பாட்டுக்குள்ளேயே அந்தச் செய்தி கலக்க வேண்டும் என்றார். நம் கையேடு பேசுவது இந்த இரண்டாவதைத்தான். ஆகவே ‘சமூகத் தொடர்பு மறைக்கல்வி’.

மறைக்கல்வி ஆசிரியை:

ஃபாதர், மன்னிக்கணும். ‘சமூகத் தொடர்பு’ என்றால் எங்கள் ஆசிரியர்களுக்கு அந்தப் பெயரில் இருக்கும் மறைமாவட்டப் பணிக்குழுதான் நினைவுக்கு வரும். சொல் ஏற்கெனவே வேறு இடத்தில் வேலை பார்க்கிறது.

வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். ஒப்புரவு அருட்சாதனப் பாடம், அதாவது பாவமன்னிப்பு பற்றியது. வீட்டைவிட்டு ஓடிப்போன மகன் திரும்பி வருகிற காட்சியை ஒரு படத்திலிருந்து நாலு நிமிடம் போட்டேன். அப்பா கதவைத் திறக்கிறார், எதுவும் கேட்காமல் விலகி வழிவிடுகிறார். காட்சியை அங்கேயே நிறுத்தினேன். “ஏன் மிஸ் அவர் திட்டலை?” என்று ஒரு பையன் கேட்டான். “திட்டினா மறுபடியும் போயிடுவான்ல” என்றாள் ஒரு பெண். “அப்போ அவன் சாரி சொல்லவே வேண்டாமா?” என்று இன்னொருவன். அதற்கு அப்புறம்தான் லூக்கா 15-ஐத் திறந்தோம். அங்கே மகன் மன்னிப்புக் கேட்கிறான், ஆனால் அதற்கு முன்பே அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு மறைக்கல்வி நோக்கமே கிடையாது. பிள்ளைகள் வாய் திறந்ததற்குக் காரணமே அதுதான். சாமி படம் என்று தெரிந்தால் சரியான பதிலைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

அதனால் சொல்லில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எல்லாரும் பார்க்கிற ஊடகம், அதன் வழியாக. ‘வெகுசன ஊடகவழி மறைக்கல்வி’ என்றே போடுங்கள்.

ஆய்வு மாணவர்:

வெகு, சனம் இரண்டுமே வடசொல். மக்கள் என்ற சொல் கையில் இருக்கும்போது இது தேவையா? ‘மக்கள் ஊடகம்’ போதும். மக்களின் கலைவடிவத்தை எடுத்து விசுவாசத்தைச் சொல்வதும் நமக்குப் புதிதில்லை. அம்மானை, கும்மி, வாசாப்பு நாடகம் எல்லாம் வேறென்ன? 1578-இல் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ ஞானோபதேச நூல்தான், அதாவது மறைக்கல்வி நூல். அன்றைக்கு அச்சுதான் புது ஊடகம்.

பங்குத்தந்தை:

தம்பி, ‘மக்கள் ஊடகம்’ என்றால் மக்களே நடத்தும் ஊடகம் என்றும் படிக்கலாம். ஐயா சொன்ன தொகை மயக்கம் மறுபடியும் வருகிறது. தனித்தமிழ் விஷயத்தில் வீரமாமுனிவரைப் பாருங்கள். தேம்பாவணியின் 3615 பாடல்களிலும் தலைவனாகிய யோசேப்புக்கு, பெயரின் பொருளை எடுத்து ‘வளன்’ என்று பெயர் வைத்தார். அருமையான ஆக்கம், பிள்ளைகளுக்குப் பெயராக இன்றும் வாழ்கிறது. ஆனால் செபத்தில் முழங்காலிடுகிறவர் வாயில் வருவது சூசையப்பர்தான்.

தமிழாசிரியர்:

அதையே நானும் எடுத்துக்கொள்கிறேன் ஃபாதர். வளன் வாழ்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 1995-இல் விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு வந்தபோது அருளப்பரும் சின்னப்பரும் இராயப்பரும் போய் யோவானும் பவுலும் பேதுருவும் வந்தார்கள். முதலில் முணுமுணுத்தவர்களே இப்போது பழகிவிட்டார்கள். சொல் கொடுத்தால் மக்கள் பழகுவார்கள். ‘இப்போது புரியாது’ என்பது ஒரு தலைமுறைக்கான வாதம்.

மறைக்கல்வி ஆசிரியை:

ஐயா, அந்த ஒரு தலைமுறைதான் வருகிற ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புக்கு வரும்.

மொழிபெயர்ப்பாளர்:

இன்றிரவு கோப்பை அனுப்பியாக வேண்டும். ‘வெகுசன ஊடகவழி மறைக்கல்வி’ என்பதற்கு மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள். ‘வழி’ மிகை என்றாலும் மீமிசை, நடுமையம் போல ஒருபொருட்பன்மொழியாக நிற்கட்டும். ஃபாதரின் தயக்கத்துக்காக, முதல் வரையறையில் ‘மக்கள் தாமே விரும்பி நாடும்’ என்று சேர்த்துவிடுகிறேன்.

ஆய்வு மாணவர்:

மூன்றில் ஒன்று என்னுடையது. நேரம் இல்லை என்பதால் சரி என்றேன், ‘வெகு’வோடு எனக்கு உடன்பாடு இல்லை.

தமிழாசிரியர்:

நடுமையம் சிறப்புக் கருதி வந்தது அம்மா, இங்கே சிறப்பு எதுவும் இல்லை. வழியை எடுத்துவிட்டு மூன்றாம் உருபை விரித்து ‘வெகுசன ஊடகத்தால் மறைக்கல்வி’ என்று எழுதிப் பாருங்கள். அச்சுக்குப் போய்விட்டால் அடுத்த பதிப்புக்காவது குறித்து வையுங்கள். ‘மறை’ பற்றி நாளை தனி மடல் எழுதுகிறேன்.