மறு: தரையிடலா, தப்பெறியா? குவாட்டர்பேக் வீச்சுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

நியூஜெர்சியில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் சிலர் உயர்நிலைப்பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடுகிறார்கள். பார்க்க வரும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு கையேடு தயாராகிறது. குவாட்டர்பேக் (பந்தை வாங்கி வீசும் ஆட்டக்காரர்) செய்யும் 'இன்டென்ஷனல் கிரவுண்டிங்' என்ற குற்றத்துக்கு அதில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்பதே கேள்வி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். இதுவரை வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து இந்தப் பதில்.

> 'வேண்டுமென்றே தரையிடல்' என்றால் யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பந்து தரையில் விழுவது இங்கே குற்றமே இல்லை. கடிகாரத்தை நிறுத்துவதற்காக, பந்து கைக்கு வந்த உடனே குவாட்டர்பேக் அதைக் காலடியில் ஓங்கி அடிக்கலாம், தண்டனை கிடையாது. 2012 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் என்ற தொழில்முறை இறுதி ஆட்டத்தைப் பாருங்கள், பேட்ரியட்ஸுக்கும் ஜயண்ட்ஸுக்கும். பேட்ரியட்ஸ் குவாட்டர்பேக் டாம் பிரேடி அன்று வாங்கிய முதல் பந்து. தன் பக்கத்துக் கடைசிப் பகுதிக்குள் நிற்கிறார், ஜயண்ட்ஸின் ஜஸ்டின் டக் பாய்ந்து வருகிறார். பந்தை நடு மைதானத்தில் வெகுதூரம் வீசிவிட்டார். விழுந்த இடத்தில் அவருடைய ஆள் ஒருவர்கூட இல்லை. குற்றம் என்றார் நடுவர். எதிரணிக்கு 2 புள்ளி. ஜயண்ட்ஸ் 21-17 என்று வென்ற ஆட்டம் அது. அவ்வளவு உயரத்தில் பறந்த பந்தைத் 'தரையிட்டார்' என்று எப்படி எழுதுவது?

எதிராளி மேலே வந்து விழப்போகிறான், பின்னடைவு நிச்சயம். அதிலிருந்து தப்பிக்க, பிடிக்க ஆளில்லாத இடத்தில் வீசுவதுதான் குற்றம். அதையே, தடுப்பு வரிசையின் ஓரம் தாண்டிப் பக்கவாட்டில் ஓடிவந்தபின், ஆட்டம் தொடங்கிய கோட்டையாவது பந்து எட்டும்படி வீசினால் குற்றமில்லை. பள்ளி ஆட்டத்துக்கு இந்தச் சலுகை 2022-இல்தான் வந்தது. ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

> 'கைவேல் களிற்றொடு போக்கி' (குறள் 774). போக்குதல்தான் சரியான வினை. 'போக்கெறி' என்க.

அம்மா, அந்த வீரனுக்குக் குறி இருந்தது, களிறு. இங்கே குறியே இல்லை, வழக்கே அதுதானே! 'எறி' என்றால் பழந்தமிழில் வெட்டுதல் என்று ஐந்து மடல்கள் வந்தன. உண்மைதான், புறநானூற்றின் 'களிறெறிந்து' என்பதில் அந்தப் பொருள்தான். ஆனால் கல்லெறி என்றால் இன்று யாரும் கல்லை வெட்டுவதில்லை.

விதிக்குள் வீசுவது கழித்தெறி, விதியை மீறியது தப்பெறி. இது என் முன்மொழிவு. தப்பு என்பதில் பிழையும் இருக்கிறது, தப்பித்தலும் இருக்கிறது.

> தப்பு பேச்சுவழக்கு. 'பிழையெறி' என்றால் என்ன குறை?

குறையே இல்லை ஐயா. பிழைத்தலுக்கும் தவறுதல், உயிர்தப்புதல் என இரு பொருளும் உண்டு என்பதை நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன். இரண்டு நாள் அந்தச் சொல்லோடேயே இருந்தேன். நேற்று மைதானத்தோரம் மடக்கு நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். 'பிழையெறி'க்கு வெறுமனே தலையாட்டினார். 'தப்பெறி' என்றதும், "தப்பிக்க எறிஞ்சானா, தப்பா எறிஞ்சானா?" என்று கேட்டார். நடுவர் ஒவ்வொரு முறையும் தீர்க்க வேண்டிய கேள்வி அதுவேதான். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

நால்வர் சரி என்றிருக்கிறார்கள். மற்றவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

---

ஐயா, உங்கள் மடலுக்கு, பதிவுக்காக என் மறுப்பு. வர்ணனையாளர் 'கிரவுண்டிங்' என்றுதான் கத்துவார். அதைக் காதில் வாங்கிய பாட்டி, கையேட்டில் தரை என்ற சொல்லைத்தானே தேடுவார்? தப்பெறிக்கு அடியிலாவது 'தரையிடல்' என்று ஒரு வரி போடுங்கள்.