விண்டோஸ் அப்டேட் ஏறினதும் லேப்டாப் ராம் (மெமரி) பூராம் எங்கய்யா போகுது? உங்க அனுபவத்தையும் போடுங்க

மொய்க்கணினி_உசிலை

வைகாசி முகூர்த்தம், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. நான் கம்ப்யூட்டர் மொய் எழுதுறவன். லேப்டாப், ரசீது பிரிண்டர், பணம் எண்ணுற மெஷின், கூட ரெண்டு பசங்க, அம்புட்டுதான் நம்ம கடை. முந்தின நாள் ராத்திரி பெரிய அப்டேட் ஒண்ணு தானா ஏறியிருந்துச்சு. காலையில திறக்கும்போதே ஃபேன் மாவு மில்லு மாதிரி இரையுது. பாக்க நேரமில்ல, அப்படியே தூக்கிட்டுப் போயிட்டேன்.

பதினோரு மணிக்கு தாய்மாமன் சீர் கொட்டோட வந்து இறங்கி, மொத்தச் சனமும் மொய் மேசைக்குத் திரும்புச்சு. முதல் ஆளா ஒரு பெரியவர். ஐநூறு ரூபா நோட்டுல பத்தை எண்ணி வச்சுட்டு ஊர் பேரைச் சொன்னாரு. அடிக்கிறேன், எழுத்து வரல. அரை நிமிஷம் கழிச்சு அடிச்ச எழுத்து அம்புட்டும் ஒண்ணா வந்து விழுது. எது எவ்வளவு மெமரி எடுக்குதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர் திறக்கவே ஒரு நிமிஷம். ராம் 91 சதவீதம், டிஸ்க் 100. லேப்டாப் 4 ஜிபி. நம்ம மொய் சாஃப்ட்வேர் 60 எம்பி கூட வராது. வரிசை மண்டப வாசலைத் தாண்டிருச்சு. பெரியவர் குனிஞ்சு ஸ்கிரீனை எட்டிப் பாத்துட்டு, "ஏப்பா, எழுதலாமா வேணாமான்னு யோசிக்குதோ?"ன்னாரு. பின்னாடி நின்ன கூட்டம் கொல்லுன்னு சிரிச்சிருச்சு.

பெட்டிக்கடையில நோட்டு வாங்கி, எங்கப்பா எழுதின மாதிரியே கையால எழுதினோம். ராத்திரி உக்காந்து ஊர்வாரியா அடிச்சு லிஸ்ட் குடுக்கும்போது மணி ரெண்டு. கணக்குல 500 இடிச்சது, கையில இருந்து போட்டேன். காசு போகட்டும், அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. அப்டேட்டுன்னா ராமைத் திங்கத்தான் செய்யுமா? உங்களுக்கும் நடந்திருக்கா?

பரங்குன்றம்_லேப்

நடந்திருக்கு. காலேஜ் லேப்ல வேலை. செமஸ்டர் லீவு முடிஞ்சு திறந்த முதல் நாளே பிராக்டிகல், வெளியிலேருந்து எக்ஸாமினர். முப்பது லேப்டாப்பும் மாசக்கணக்கா மூடிக் கிடந்தது, ஒரே நேரத்துல அப்டேட்டை இழுத்துட்டு முப்பதும் படுத்துருச்சு. எச்.ஓ.டி என் தலைக்கு மேல நிக்கிறாரு. மத்தியானம் சாப்பிடப் போயிட்டு வந்தா முப்பதும் நல்லா ஓடுது. சத்தியமா நான் ஒண்ணுமே பண்ணல. நான்தான் சரிபண்ணினேன்னு நெனச்சு டீ வாங்கிக் குடுத்தாரு, குடிச்சேன்.

மொய் தம்பிக்குச் சொல்றேன். உங்க பிரச்சினை ராம் இல்ல, 100ல நின்ன அந்த டிஸ்க். பெரிய அப்டேட் முடிஞ்ச கையோட சிஸ்டத்துக்குப் பின்னால நிறைய வேலை கிடக்கும். தேடலுக்கான இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும், வைரஸ் காவலான டிஃபெண்டர் ஸ்கேன் போடும், நிறைய புரோகிராம் நம்பி ஓடுற டாட்நெட் ஃபைல்களைப் புதுசா கம்பைல் பண்ணும், ஸ்டோர் ஆப் எல்லாம் தன் பங்குக்கு அப்டேட் கேட்கும். சுத்துற பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்ல இது வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. சுத்துற ஹார்ட் டிஸ்க்ல மணிக்கணக்கா இழுக்கும். 4 ஜிபியில கிராஃபிக்ஸுக்கு ஒரு பங்கு போயிரும். மிச்ச ராம் பத்தலைன்னா பேஜ்ஃபைல்னு டிஸ்க்லதான் எழுதி எழுதி எடுக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்குற டிஸ்க்ல இதுவும் சேர்ந்தா எழுத்து அரை நிமிஷம் கழிச்சுத்தான் வரும்.

அப்புறம், ராம் சதவீதத்தைப் பாத்துப் பயப்படுறது பழைய வியாதி. 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப மெமரி கம்ப்ரஷன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. டிஸ்க்குக்குத் தள்ள வேண்டியதைச் சுருக்கி ராமுக்குள்ளேயே வச்சுக்கும். அந்தச் சுருக்கின மூட்டை 'சிஸ்டம்'ங்கிற பேர்ல தெரிஞ்சதால, சிஸ்டமே ராமைத் திங்குதுன்னு ஊரே கத்துச்சு. உண்மையில அது மிச்சம் பிடிக்கிற வேலை. 2017ல விண்டோஸ் 10க்கு 1703ங்கிற அப்டேட் வந்தப்ப, 3.5 ஜிபிக்கு மேல ராம் இருக்கிற மெஷின்ல, எஸ்விசிஹோஸ்டுங்கிற ஒரே புரோகிராமுக்குள்ள கூட்டுக்குடித்தனம் பண்ணின சர்வீஸ்களை, அதாவது பின்னால ஓடுற வேலைகளை,த் தனித்தனியா பிரிச்சு விட்டாங்க. தனிக்குடித்தனம்னா செலவு கூடத்தானே செய்யும்? ஒண்ணு விழுந்தா மத்தது விழாது, அதுதான் லாபம். விண்டோஸ் 7க்குக் குறைஞ்சது 1 ஜிபி (64 பிட்டுன்னா 2) ராம் வேணும்னு எழுதியிருந்தது, 11க்கு 4 ஜிபின்னு எழுதியிருக்கு. அதுவும் கண்ணைத் திறக்கத்தான், வேலைக்கு இல்ல. அதனால எஸ்எஸ்டி போடுங்க, விசேஷத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே அப்டேட்டை ஏத்தி, சார்ஜர்ல போட்டு ராத்திரி பூராம் ஓட விடுங்க, வேலை நேரத்துல தானா ரீஸ்டார்ட் ஆகாம இருக்க ஆக்டிவ் ஹவர்ஸ் செட் பண்ணுங்க, ஸ்டார்ட்டப்ல கிடக்கிறதைக் கழட்டுங்க, ராம் கிளீனர்னு எவன் என்ன குடுத்தாலும் வாங்கிராதீங்க.

ஊமச்சிகுளம்_ராஜா

இம்புட்டுப் பேச்சு எதுக்கு. அப்டேட்டையே நிறுத்திட்டா முடிஞ்சது. நான் நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு, கல்லு மாதிரி ஓடுது.

பரங்குன்றம்_லேப்

கல்லு மாதிரி ஓடட்டும். 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குற வானாகிரை வைரஸ் வந்தப்ப, மார்ச்லயே ஓட்டையை அடைக்கிற அப்டேட் விட்டிருந்தாங்க. போடாம வச்சிருந்தவங்கதான் மாட்டினாங்க. மொய் தம்பி லேப்டாப்ல ஊர்ல உள்ள அத்தனை பேர் பேரும், யார் எவ்வளவு வச்சாங்கங்கிற கணக்கும் கிடக்குது. அவருக்கா இந்த யோசனை?

மேலூர்_குரூப்4

என்னோடது அப்டேட்டால வந்ததா, ஆளால வந்ததான்னு நீங்களே சொல்லுங்க.

பிளஸ் டூல அரசு குடுத்த லேப்டாப், 2 ஜிபி ராம். ஆன் பண்ணினா விண்டோஸா, இல்ல பாஸ் லினக்ஸுங்கிற இன்னொரு சிஸ்டமான்னு கேக்குமே, அந்தக் காலத்தது. தம்பி அதுல விண்டோஸ் 10 ஏத்திட்டான். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இன்னும் கொஞ்சம் மந்தமாச்சு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில குடுத்தோம். "ஸ்பீடாக்கிட்டேன்க்கா"ன்னு 400 ரூபா வாங்கினான். உண்மையாவே ஒரு வாரம் சுறுசுறுப்பா இருந்துச்சு.

பரீட்சைக்கு அப்ளை பண்ணக் கடைசி நாள் ராத்திரி. கடைசி நாள் வரைக்கும் ஏன் வச்சிருந்தேன்னு கேக்காதீங்க, கம்யூனிட்டி சர்டிஃபிகேட் அன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, போட்டோ ஏத்தி, கையெழுத்து ஏத்தி, பணம் கட்டுற பக்கம் வந்ததும் ஸ்கிரீன் வெள்ளையாச்சு. மெமரி பத்தலைன்னு ஒரு சின்னப் பெட்டி வந்துச்சு, அதுக்கு ஓகே குடுத்தேன், பிரவுசரே போயிருச்சு. அடுப்படியிலேருந்து அம்மா, "முடிஞ்சிருச்சாம்மா?"ன்னு கேட்டாங்க. நான் "ம்"னு சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல. அம்மாகிட்ட அந்த ஒரு பொய்தான் உறுத்திக்கிட்டே இருக்கு. எதிர்வீட்டு அக்கா போன்ல உக்காந்து 11:40க்கு முடிச்சேன்.

அப்புறம் பாத்தா, அந்தக் கடைக்காரன் பேஜ்ஃபைலை நிறுத்தி வச்சிருக்கான். டிஸ்க்ல எழுதுறது நின்னதால வேகம் வந்த மாதிரி இருந்திருக்கு. 2 ஜிபி நிரம்பினதும் போக்கிடம் இல்லாம அறுந்து விழுந்திருக்கு. இப்போ லைட்டான லினக்ஸ் ஒண்ணு போட்டு அதுலதான் படிக்கிறேன். யூட்யூப் கிளாஸ் ஒண்ணு, பிடிஎஃப் ஒண்ணு, அதுக்கு மேல அதுகிட்ட நானும் கேக்கறதில்ல.

ஆல்பம்_செல்லூர்

லேப் சார் எழுதினதுல பாதிக்கு மேல சரி. ஆனா "சாப்பிட்டு வந்தா சரியாயிரும்"ங்கிறதை என்னால ஒத்துக்க முடியாது. என்னோடது நாப்பது நாள் சாப்பிட்டுச்சே சார்!

கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன். லேப்டாப் 16 ஜிபி, எஸ்எஸ்டியும் இருக்கு. அப்டேட்டுக்கு அப்புறம் தினமும் சாயங்காலம் ஃபோட்டோஷாப் மெமரி இல்லைங்கும். எல்லாத்தையும் மூடிட்டுப் பாத்தாலும் 11 ஜிபி பயன்பாட்டுலன்னு காட்டுது. ஆனா லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொண்ணையும் பேப்பர்ல எழுதிக் கூட்டினா மூணு கூட வரல. மிச்ச எட்டை யாரு தூக்கிட்டுப் போனா? துபாய்ல இருந்து மாப்பிள்ளை "அண்ணே, ஆல்பம்?"னு மெசேஜ் மேல மெசேஜ். ராத்திரி ஒரு மணிக்கு டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தப்பதான் கீழே 'அப் டைம்', அதாவது கடைசியா முழுசா ஆன் ஆனதிலேருந்து ஓடின நேரம், கண்ணுல பட்டுச்சு: 41 நாள். தினமும் ராத்திரி கடையைச் சாத்தும்போது ஷட்டவுன் பண்ணித்தானே போறேன்? உடம்பு சிலிர்த்துப் போச்சு, யாரோ நான் இல்லாதப்ப வந்து உக்காந்திருந்த மாதிரி.

விஷயம் என்னன்னா, விண்டோஸ் 8லேருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு உண்டு. ஷட்டவுன் குடுத்தா நம்ம புரோகிராம்களை மட்டும் மூடிட்டு, உள்ளே இருக்கிற சிஸ்டத்தோட மையமான கெர்னலையும், வைஃபை மாதிரி பாகங்களை ஓட்டுற டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சுக்கும். காலையில அதையே எடுத்துப் போட்டுக்கும். ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் நிஜமான குளியல், ஷட்டவுன் வெறும் முகம் கழுவுறதுதான். கேக்கறப்ப தலைகீழா இருக்கும், ஆனா நிசம்.

அதே பக்கத்துல 'நான்-பேஜ்டு பூல்'னு ஒரு வரி இருக்கும். நம்ம மெஷின்ல அது சில நூறு எம்பிக்குள்ள இருக்க வேண்டியது. எனக்கு 7 ஜிபி. டிரைவர் மாதிரி ஆசாமிகள் வாங்குற ராம் அதுல வரும், எந்தப் புரோகிராம் கணக்குலயும் ஏறாது. வைஃபையை அணைச்சுட்டு போனை யூஎஸ்பியில மாட்டி ஒரு நாள் வேலை பாத்தேன், நம்பர் அசையல. வைஃபையைப் போட்டேன், ஏற ஆரம்பிச்சிருச்சு. பழைய வைஃபை டிரைவர், புதுசா மாறின சிஸ்டத்தோட ஒத்துப்போகாம வாங்கின ராமைத் திருப்பிக் குடுக்காம இருந்திருக்கு. கைமாத்து வாங்கிட்டு தலைமறைவாகிற ஆளுக மாதிரி. லேப்டாப் கம்பெனி பக்கத்துல புது டிரைவர் இருந்துச்சு, போட்டதும் நின்னுருச்சு. கம்பெனி பேரைக் கேக்காதீங்க.

ஆகவே லேப் சார், சில நேரம் ராம் நிஜமாவே காணாமத்தான் போகுது.

பரங்குன்றம்_லேப்

ஒத்துக்கிறேன். நான் சொன்னது முதல் நாள் காய்ச்சல், உங்களோடது நாள்பட்ட ஒழுக்கல். ஆனா மொய் தம்பிக்கு வந்தது முதல் வகைதான்னு இப்பவும் சொல்வேன்.

இலந்தைக்குளம்_ஷிஃப்ட்

மேக்லயும் இதேதான். பெரிய அப்டேட்டுக்கு அடுத்த நாள் மேக்கோட தேடல் வசதியான ஸ்பாட்லைட் எல்லா ஃபைலையும் திரும்ப மேயும், மடியில வச்சா தோசைக்கல்லு. அங்க ராம் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பாக்கறதை விட மெமரி பிரஷர் கிராஃப் பச்சையா சிவப்பான்னு பாக்கணும். சுருக்கி வைக்கிற வித்தையெல்லாம் 2013லயே மேக்கோட மேவரிக்ஸ் பதிப்புல வந்தாச்சு. இது தெரியாம எட்டு மாசம் ஐ.டி டீமோட சண்டை போட்டு 16 ஜிபி மெஷின் வாங்கினேன். பழைய 8லயும் கிராஃப் பச்சையாத்தான் இருந்துச்சு. அவங்ககிட்ட இன்னும் சொல்லல.

ஊமச்சிகுளம்_ராஜா

எங்க வீட்டுதுலயும் அப் டைம் பாத்தேன். 63 நாள். ஷட்டவுன் பண்றேன்னு இத்தனை நாளா யாரை ஏமாத்திக்கிட்டு இருந்தேன்?

மொய்க்கணினி_உசிலை

எல்லாருக்கும் நன்றிண்ணே. மேலூர் தங்கச்சி, அம்மாகிட்ட இப்ப சொன்னாலும் சிரிப்பாங்க, சொல்லிருங்க.

நம்மது லேப் சார் சொன்னதுதான். நான்-பேஜ்டு பூல் ஒழுங்கா இருந்துச்சு, டிஸ்க்தான் பழசு. டவுன் ஹால் ரோட்டுல எஸ்எஸ்டி மாத்தினேன். ராமும் 8 ஆக்கலாம்னு கேட்டா, போர்டோட ஒட்டின 4 போக ஒரு ஸ்லாட் காலியாத்தான் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும், அஞ்சு வருஷமா சும்மா கிடந்திருக்கு. ராம் விலை இப்ப ஏறிக் கிடக்குன்னு கடைக்காரர் சொன்னதால செகண்ட்ஸ்ல ஒண்ணு வாங்கிப் போட்டாச்சு. இப்ப விசேஷத்துக்கு முந்தின நாள் ரீஸ்டார்ட் பண்ணிட்டு, மண்டபத்துல நெட்டை அணைச்சு வச்சிருவேன். ஒரு நோட்டும் பையில இருக்கும், சொல்லவே வேணாம்.

ஆவணியில அதே சொந்தத்துல ஒரு கல்யாணம். அதே பெரியவர் வந்தாரு. என்னையும் பாத்தாரு, மெஷினையும் பாத்தாரு. அடிச்சு முடிக்கவும் ரசீது சர்ருனு வந்துருச்சு. வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, நிதானமா படிச்சாரு.

"இனிஷியல் தப்பு"ன்னாரு.