அமெரிக்க நரம்பியல் ரெசிடென்சி: மூத்தோரின் வழிகாட்டல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவன். பக்கவாதத்தால் பேச்சு தடுமாறிய ஒரு பெரியவர், நான் காட்டிய சாவியின் பெயர் நாவில் வராமல், பூட்டைத் திறப்பதுபோல் கையைத் திருப்பிக் காட்டிய நாளிலிருந்து நரம்பியலைத் தவிர வேறெதிலும் என் மனம் செல்லவில்லை. அமெரிக்காவில் அத்துறையின் ரெசிடென்சியில் (மருத்துவ மேற்படிப்புப் பயிற்சி) சேர விரும்புகிறேன்.

அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-இல் தேர்ச்சி பெற்றுவிட்டேன். 2022 முதல் அதற்கு மதிப்பெண் தரப்படாததால், அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சி.கே. தேர்வின் மதிப்பெண்ணும் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதங்களுமே எனக்குக் கைகொடுக்கும் என்று நம்புகிறேன். மாணவனாக இருக்கும்போதே அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் ஒரு மாத எலெக்டிவ் (விரும்பிய துறையில் குறுகிய காலப் பயிற்சி) செய்ய விரும்புகிறேன். ஆனால் வீட்டு நிலையில் ஒருமுறை மட்டுமே பயணம் செய்ய முடியும். அந்த ஒரு மாதத்தைப் பக்கவாதப் பிரிவில் செலவிடுவதா, வலிப்பு நோய்ப் பிரிவிலா? நான்காண்டும் ஒரே இடத்தில் பயிலும் கேட்டகாரிகல் இடங்களோடு, முதலாண்டுப் பொது மருத்துவப் பயிற்சியைத் தனியே தேட வேண்டிய அட்வான்ஸ்டு இடங்களுக்கும் விண்ணப்பிக்கலாமா? இவ்வழியில் சென்ற அண்ணன்மாரும் அக்காமாரும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.