தனிநபர் மசோதா எழுதத் தெரிந்தவர்கள் யாராவது?

வணக்கம் தோழர்களே. என் அத்தை வால்பாறையில் கொழுந்து பறித்தவர், 1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு இருந்தது. இங்கே டெல்டாவில் நடவுக்குப் போகும் அம்மாவுக்கு, சேற்றுப்புண் வந்து கால் வீங்கினாலும், வீட்டில் இருந்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. விவசாயக் கூலிகளுக்கும் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று ஒரு எம்.பி. மூலம் மக்களவையில் தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவருவது) கொண்டுவர வரைவு எழுதிக்கொண்டிருக்கிறோம். 1970க்குப் பிறகு இப்படி ஒன்றுகூட நிறைவேறவில்லை என்று தெரியும், சரி, தனிநபர் மசோதாக்களுக்கான வெள்ளிக்கிழமை விவாதத்துக்காவது வரட்டுமே. சிக்கல் இதுதான்: லீவு சம்பளத்தில் நிலத்துக்காரரோடு அரசும் ஒரு பங்கு தரும் என்று எழுதினால் அரசியலமைப்பின் 117(3) பிரிவுப்படி குடியரசுத் தலைவர் பரிந்துரை வேண்டுமாம். அதைக் கேட்டு வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? அப்புறம், நிதிக் குறிப்பு (மசோதாவால் அரசுக்கு ஆகும் செலவைச் சொல்லும் குறிப்பு) மாதிரி ஒன்று இருந்தால் அனுப்புங்கள்.