எந்தப் பயிற்சி வகுப்பறை வரைக்கும் வந்தது?

மெக்கானிக்கல், பாலிடெக்னிக் விரிவுரையாளர்

வேலைக்குச் சேர்ந்து இது முதல் வருடம். அப்ரைசல் (பணி மதிப்பீட்டு) படிவத்தில் கலந்துகொண்ட எஃப்.டி.பி.க்களை, அதாவது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகளை, எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்கிறது. வாட்ஸ்ஆப்பைத் திறந்தால் தினமும் புதுப் புது அறிவிப்புகள். பெரும்பாலும் ஆன்லைன், எல்லாவற்றுக்கும் சான்றிதழ் உண்டு. கட்டத்தை நிரப்புவது கஷ்டமில்லை. நான் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. நீங்கள் போன பயிற்சிகளில் எது நீங்கள் பாடம் நடத்துகிற விதத்தை மாற்றியது? அங்கே என்ன நடந்தது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சிவில், அரசு பாலிடெக்னிக்

தம்பி, யோசிக்காமல் சொல்வேன்: சென்னை தரமணி. தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். 1964ல் தொடங்கியது. மூத்தவர்கள் இன்றும் பழைய பெயரில் டி.டி.டி.ஐ. என்றுதான் சொல்வார்கள். போபால், கொல்கத்தா, சண்டிகரிலும் இதேபோல இருக்கின்றன. தென் மாநிலங்களுக்கு நம் சென்னைதான்.

அங்கே மைக்ரோ டீச்சிங் என்று ஒரு பகுதி. 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் உருவான முறை. சின்னத் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு சில நிமிடங்கள் பாடம் நடத்த வேண்டும். கூட வந்த ஆசிரியர்கள்தான் மாணவர்கள். வீடியோ எடுப்பார்கள், எல்லோருமாக உட்கார்ந்து அதைப் பார்ப்போம், பிறகு அதே பாடத்தை இன்னொரு முறை நடத்த வேண்டும். அந்த இரண்டாவது முறையில்தான் விஷயமே இருக்கிறது.

எங்கள் குழுவில் கர்நாடகாவிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர் வந்திருந்தார். நல்ல குரல், அழகான கையெழுத்து. பீமின் (உத்தரத்தின்) இரண்டு முனைகளிலும் வரும் ரியாக்ஷனை, அதாவது தாங்கும் எதிர்விசையை, விளக்கினார். முடித்ததும் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டுவிட்டு போர்டு பக்கம் திரும்பினார். பயிற்சியாளர் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார். கேள்வி முடிவதற்கும் அவர் திரும்புவதற்கும் நடுவில் ஒரு நொடிகூட இல்லை. அதற்குப் பிறகுதான் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளரின் ஆய்வைப் பற்றிச் சொன்னார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்களாம். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காதவர்களும் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று 1970களிலேயே அவர் எழுதியிருக்கிறார்.

மறுமுறை நடத்தியபோது அந்தக் கர்நாடக ஆசிரியர் கேள்வியையே மாற்றிவிட்டார். "நடுவில் இருக்கிற லோடை வலது பக்கம் நகர்த்துகிறேன். எந்த முனையில் ரியாக்ஷன் கூடும், ஏன்?" கேட்டுவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்தார், கையைக் கட்டிக்கொண்டார். மூன்று நொடி மௌனம் ஒரு வகுப்பில் எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒருவர் தப்பாகச் சொன்னார், பக்கத்தில் இருந்தவர் மறுத்தார். அவர் நடுவில் புகாமல் இருவரையும் பேசவிட்டார்.

ஊருக்கு வந்து என் வகுப்பில் செய்ததும் அதைத்தான். தமிழ் மீடியத்திலிருந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு முதலில் கேள்வி காதில் விழ வேண்டும், அப்புறம் மனசுக்குள் பதிலைக் கோர்க்க வேண்டும், அதற்கப்புறம் தைரியம் வர வேண்டும். ஒரு நொடியில் அது நடக்காது. இப்போது முதலில் கை தூக்குவது அவர்களில் சிலர்தான். போனால் நேரில் போங்கள். விடுதியில் தங்கி, மற்ற மாநிலத்து ஆசிரியர்களோடு சாப்பாட்டு நேரத்தில் பேசுவதே பாதிப் பயிற்சி.

ஈ.ஈ.ஈ., கோவை பக்கம்

சிவில் சார் சொன்னது கற்பிக்கும் முறை. நான் பாட விஷயத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறையில் இங்கே ஒரு பம்பு கம்பெனியில் தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போனேன். சான்றிதழில் ஒரே வரிதான் இருக்கும். ஆனால் என் பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) லேபையே புரட்டிப் போட்டது அதுதான்.

நம் லேபில் இருக்கும் டிரெய்னர் கிட்டில் எல்லாம் முன்கூட்டியே இணைத்து வைத்திருக்கும். பேட்ச் கார்டைச் சொருகினால் விளக்கு எரியும். கம்பெனியில் அசல் பேனலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான ஒயர், ஒவ்வொரு நுனியிலும் எண் போட்ட ஃபெர்ரூல் என்ற சின்ன வளையம். அந்த எண்ணும் வரைபடத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழுது வந்தால் டெக்னீஷியன் முதலில் தேடுவது அதைத்தான். நாம் அதைச் சொல்லித் தருவதே இல்லை.

ஒரு நாள் கன்வேயரில், உலோகம் கிட்டே வந்தால் உணரும் ப்ராக்சிமிட்டி சென்சரை மாற்றினார்கள். பழுப்பு ஒயர் 24 வோல்ட், நீலம் பூஜ்யம், கறுப்பு சிக்னல். இணைப்பெல்லாம் சரி. உலோகத்தைக் கிட்டே கொண்டுபோனால் சென்சரில் இருக்கும் சின்ன விளக்கும் எரிகிறது. ஆனால் பி.எல்.சி.யில் இன்புட் வரவில்லை. அங்கே பயிற்சியில் இருந்த டிப்ளமோ பையன் புரோகிராமைத் திறந்து வரி வரியாகத் தேட ஆரம்பித்துவிட்டான். அங்கிருந்த ஃபோர்மேன் சென்சரின் உடம்பில் ஒட்டியிருந்த எழுத்தைப் படித்தார். பழையது பி.என்.பி., ஸ்டோரிலிருந்து எடுத்து வந்தது என்.பி.என். முன்னது கறுப்பு ஒயரில் பிளஸ்ஸைத் தரும், பின்னது அதைப் பூஜ்யத்தோடு சேர்க்கும். பி.எல்.சி.யில் சிக்னலை வாங்கும் இன்புட் கார்டு பிளஸ்ஸை எதிர்பார்த்துக் கட்டியது. விளக்கு எரிந்தாலும் கார்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இப்போது என் லேபில் ஒரு பழைய பேனல் இருக்கிறது. அந்தக் கம்பெனி கழித்துப் போட்டது, கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். மாணவர்களே ஒயரை வெட்டி, நுனியில் லக் (உலோக முனை) அடித்து, ஃபெர்ரூல் போட்டு இணைக்கிறார்கள். இரண்டு வகை சென்சரையும் கலந்து வைத்துத் தேர்வு நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத பத்து ரூபாய் சமாச்சாரம்தான். வேலைக்குப் போன பையன்கள் போன் செய்து பேசுவது இதைப் பற்றித்தான். புத்தகத்தில் வராத இந்த விஷயங்களைத் தெரிந்துகொள்ள ஆசிரியர் பட்டறைக்குப் போயே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

கம்ப்யூட்டர், கைக்குழந்தையோடு வேலை பார்ப்பவர்

தரமணிக்கும் கம்பெனிக்கும் போக முடியாதவர்கள் எங்களைப் போல நிறையப் பேர். எனக்குக் கைகொடுத்தது ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். ஆன்லைன் பாடங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய சுற்று தொடங்கும். படிப்பது இலவசம். தேர்வு எழுதினால்தான் 1000 ரூபாய், அதை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. 8 வாரப் பாடத்தை ஒரு எஃப்.டி.பி.யாகவும், 12 வாரத்தை ஒன்றரையாகவும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) ஏற்கிறது. ஆக, தம்பி சொன்ன அந்தக் கட்டமும் நிரம்பும்.

குழந்தை தூங்கின பிறகு ஹெட்செட் போட்டுக்கொண்டு பைதான் பாடம் பார்த்தேன். என்னை உலுக்கியது பாடத்தைவிட அசைன்மென்ட். நாம் அனுப்பும் புரோகிராமை நமக்குத் தெரியாத உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பார்கள். கேள்வியில் இருந்த உதாரணத்துக்குச் சரியாக ஓடுவது அங்கே போய் நின்றுவிடும். காலிப் பட்டியலா, ஒரே எண் இரண்டு முறை வந்ததா, எதிர்மறை எண்ணா என்று நாமே யோசித்துத் தேட வேண்டும்.

எங்கள் லேபில் பிள்ளைகள் புரோகிராமை ரெக்கார்ட் நோட்டிலிருந்து மனப்பாடம் செய்து, அதே உள்ளீட்டைக் கொடுத்து, அதே விடையைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். இப்போது ஒவ்வொரு பயிற்சிக்கும் அவர்கள் பார்க்காத மூன்று உள்ளீடுகளை நான் வைத்திருக்கிறேன். மூன்றிலும் ஓடினால்தான் கையெழுத்து. முதல் மாதம் நிறையப் புகார் வந்தது. இப்போது அவர்களே ஒருவர் புரோகிராமை இன்னொருவர் உடைத்துப் பார்க்கிறார்கள்.

முடிந்தால் மாணவர்களோடு சேர்ந்து ஒரே பாடத்துக்குப் பதிவு செய்யுங்கள். மேடமும் நம்மோடு தேர்வு எழுதுகிறார் என்பதில் அவர்களுக்கு வரும் உற்சாகமே வேறு.

தனியார் பொறியியல் கல்லூரி, இ.சி.இ.

எல்லாம் சரிதான், போக விட வேண்டுமே! நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் நேரடிப் பயிற்சிக்கு ஓ.டி. (பணி நிமித்தம் வெளியே போக அனுமதி) கிடையாது. போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆன்லைன் பயிற்சி என்றால் அனுமதி உண்டு, ஆனால் வகுப்பை யாருக்கும் மாற்றிவிடக் கூடாது. போனில் பயிற்சியில் லாகின் செய்து மேஜையில் வைத்துவிட்டு எதிரே அறுபது பேருக்குப் பாடம் நடத்திய நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வருகைப் பதிவும் கடைசியில் ஒரு தேர்வும் இருந்தால் மட்டும் கற்றல் நடந்துவிடாது. ஐந்து நாள் ஆசிரியரை விடுவிக்காத நிர்வாகம் அவருடைய சான்றிதழைக் காட்டிக் கல்லூரியின் அங்கீகாரத்துக்கு மதிப்பெண் கேட்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம்.

இப்போது இருக்கும் கல்லூரியில் செமஸ்டர் தொடங்கும்போதே யார் எப்போது எந்தப் பயிற்சிக்குப் போகிறார் என்று துறையில் உட்கார்ந்து எழுதிவிடுகிறோம். அந்த வார வகுப்புகளை யார் எடுப்பது என்பதும் அப்போதே முடிவாகிவிடும். எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) மனது வைத்தால் இது ஒரு மதிய வேலைதான்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

இ.சி.இ. சார் சொன்னது பழைய நோய்தான். ஆனாலும் கேட்டு வாங்கியவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 1970ல் மத்திய அரசு தொடங்கிய கியூ.ஐ.பி. என்ற ஆசிரியர் தர மேம்பாட்டுத் திட்டத்தில் என் சகாக்கள் ஐ.ஐ.டி.களுக்குப் போய் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பினார்கள். வேலையை விடாமல், கல்லூரியே அனுப்பிவைத்து முழுநேரமாகப் படிக்கும் வாய்ப்பு அது.

பிற்காலத்தில் மும்பை ஐ.ஐ.டி. நடத்திய பத்தாயிரம் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் எங்கள் கல்லூரி ஒரு தொலை மையமாக இருந்தது. பேராசிரியர் தீபக் பாடக் முன்னின்று நடத்தியது. அங்கே பேசுவதைத் திரையில் பார்த்து, இங்கிருந்தே மைக்கில் கேள்வி கேட்போம். நேரலை உரையைவிட மதியம் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து போட்ட கணக்குகள்தான் பயன்பட்டன. பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களோடு அங்கே ஏற்பட்ட பழக்கத்தில் வினாத்தாள்களைப் பல வருடம் பரிமாறிக்கொண்டோம்.

முதல் வருடத் தம்பிக்கு: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கென்றே ஏ.ஐ.சி.டி.இ. எட்டு மாட்யூல் கொண்ட என்.ஐ.டி.டி.டி. பயிற்சியை மத்திய அரசின் ஸ்வயம் ஆன்லைன் தளத்தில் நடத்துகிறது. அதை முதலில் தொடங்குங்கள். பாடம் திட்டமிடுவது பற்றியும் மாணவர் மதிப்பீடு பற்றியும் வரும் மாட்யூல்களைப் படிக்கும்போது உங்கள் சொந்த வினாத்தாளையும் இன்டர்னல் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஈ.ஈ.ஈ. நண்பர் சொன்னதுபோல ஒரு தொழிற்சாலை. தரமணியின் வருடாந்திரப் பயிற்சி அட்டவணையைப் பார்த்து, உங்கள் பாடத்துக்கு நெருக்கமான ஒன்றைக் குறித்துக்கொண்டு, விண்ணப்பத்தைப் பிரின்சிபால் வழியாக இப்போதே அனுப்பிவிடுங்கள். பயிற்சிக்கு விடுவிக்கும் ரிலீவிங் ஆர்டருக்குக் கடைசி வாரத்தில் அலையாதீர்கள்.