பெஞ்ச்மார்க்: மட்டக்குறியா, அளவைக்குறியா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நில அளவைக்காரர்கள் அந்தக் காலத்தில் பதித்துவிட்டுப் போன குறிகளைப் பழைய ஆவணங்களை வைத்துத் தேடிப் போவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பலருக்கு விடுமுறை நாள் பொழுதுபோக்கு. அதற்கான தமிழ்க் கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. முதல் சொல்லே முட்டுகிறது: உயரத்தை அளந்து பதித்த நிலையான குறியைச் சொல்லும் பெஞ்ச்மார்க்.

நாளிதழ்களில் இதை 'அளவுகோல்' என்று எழுதுகிறார்கள். ஒரு பொருளின் தரத்தை ஒப்பிடும் இடத்தில் அது பொருந்தும். நில அளவையில் பொருந்தாது. மட்டம் பார்க்கும்போது ஒருவர் கருவியில் கண் வைத்திருப்பார், இன்னொருவர் அளவு எழுதிய கோலை நிமிர்த்திப் பிடித்திருப்பார். அளவுகோல் என்றால் அந்தக் கோல்தான் நினைவுக்கு வரும். நாம் பெயர் தேடுவதோ கோலின் அடி எதன்மேல் நிற்கிறதோ அதற்கு.

'பெஞ்ச்' என்பதை இருக்கை என்று எடுத்துக்கொண்டு சொல் ஆக்கவும் கூடாது. கல்சுவரில் கிடையாக ஒரு கோடு வெட்டி, அந்த வெட்டில் எல் வடிவ இரும்பைச் செருகி, அதன்மேல் கோலை நிறுத்தினார்கள். கோலைத் தாங்கிய அந்த இரும்புதான் பெஞ்ச்.

நம் கொத்தனார் கையில் இருப்பது ரசமட்டம். மட்டம் பார்த்தல், மட்டம் எடுத்தல், மட்டம் தட்டுதல் எல்லாம் வேலையிடத்துப் பேச்சு. ஆகவே என் முன்மொழிவு: பெஞ்ச்மார்க் = மட்டக்குறி. பொழுதுபோக்குக்கு மட்டக்குறி வேட்டை.

அன்புடன்,
செ.

———

> பொழுதுபோக்குக்கு மட்டக்குறி வேட்டை

செ. ஐயா, வணக்கம்.

உயரம் குறித்த குறிக்கு மட்டக்குறி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பொழுதுபோக்கு முழுவதற்கும் அதையே பெயராக வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் தரையில் கிடக்கும் எந்த வெண்கல வட்டைக் கண்டாலும் பெஞ்ச்மார்க் என்பார்கள். அந்தத் தளர்வு தமிழுக்கும் வந்தால், கையேட்டைப் படித்துவிட்டுப் போகிறவர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார். குறி எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் தேடும் முறையே மாறுகிறது.

அமெரிக்க அரசின் அளவை அமைப்பான நேஷனல் ஜியோடெடிக் சர்வேயின் தரவுத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குறிக்கும் இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் சேர்ந்த அடையாள எண் இருக்கும். அதற்கடியில் அட்சரேகை, தீர்க்கரேகை. அவற்றின் பக்கத்தில் இருக்கும் ஒரு சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'அட்ஜஸ்டட்' என்றிருந்தால் இடத்தை முறைப்படி அளந்து கணக்கிட்டிருக்கிறார்கள். கைப்பேசி காட்டும் இடத்தைச் சுற்றிச் சில மீட்டர் பார்த்தால் போதும். 'ஸ்கேல்டு' என்றிருந்தால் வரைபடத்தின்மேல் அடிக்கோல் வைத்து எடுத்த இடம். அதன் பிழை 6 விகலை (செகண்டு) வரை போகலாம், தரையில் ஏறக்குறைய 180 மீட்டர். உயரக்குறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவர்களுக்கு அது பூமியில் எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாக அளக்கும் தேவை இருக்கவில்லை.

ஆகவே மட்டக்குறியைத் தேடும்போது கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு விவரக்குறிப்பைப் படிக்க வேண்டும். 'தென் தண்டவாளத்துக்குத் தெற்கே 38 அடி, தந்திக் கம்பத்துக்கு மேற்கே 2 அடி, தரைக்கு மேல் அரை அடி' என்ற பாணியில் இருக்கும். கம்பம் போயிருக்கும். சாலையை ஒரு பக்கமாக அகலப்படுத்தியிருந்தால் நடுக்கோடே நகர்ந்திருக்கும். பழைய நடுக்கோட்டிலிருந்து 30 அடியில் இருந்த குறி இன்று தார் விளிம்பில் கிடக்கலாம். அதனால் நகராத இரண்டு பொருள்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: மதகின் பக்கச்சுவர், தேவாலயப் படி, பாலத்தின் முனை போன்றவை. 30 மீட்டர் நாடாவால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வில் வரைந்து, வெட்டும் இடத்தில் தேட வேண்டும். சரிவில் நாடாவைத் தரையோடு படியவிட்டால் தூரம் கூடிப்போகும், கிடையாகப் பிடிக்க வேண்டும். பழைய குறிப்பில் காந்த ஊசியின் திசை சொல்லியிருந்தால் அந்த ஆண்டின் காந்த விலக்கத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மண் மூடியிருந்தால் மெல்லிய எஃகுக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். வட்டின் விட்டம் 9 செ.மீ.தான், அதைத் தாங்கும் கான்கிரீட் தலை சுமார் 30 செ.மீ. அகலம். எனவே 15 செ.மீ. இடைவெளியில் வரிசையாகக் குத்தினால் தப்பாது. காந்தப்புலத்தை மட்டும் உணரும் கருவி வெண்கலத்துக்குச் சத்தமே போடாது. சாதாரண உலோகங்காட்டி வேண்டும். நிலத்துக்காரரின் அனுமதி முதலில். மண்வெட்டி எடுப்பதாக இருந்தால் அமெரிக்காவில் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து, அடியில் கேபிளோ குழாயோ ஓடுகிறதா என்று கேட்டாக வேண்டும்.

முக்கோண அளவை நிலையம், அதாவது கருவியை நிறுத்திக் கோணங்களை அளந்து இடத்தைக் கணக்கிட்ட புள்ளி, வேறு சங்கதி. வட்டின் நடுவில் முக்கோணமும் அதற்குள் புள்ளியும் இருக்கும். சுற்றிலும் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் தள்ளி இரண்டு மூன்று துணை வட்டுகள், ஒவ்வொன்றிலும் நிலையத்தை நோக்கி ஓர் அம்பு. நடு வட்டு புதைந்துபோனாலும் துணை வட்டு ஒன்று கிடைத்துவிட்டால் அம்பின் திசையில் தரவுத்தாள் சொல்லும் தூரத்தை அளந்து இடத்தைப் பிடித்துவிடலாம். துணை வட்டையே நிலையம் என்று பதிவுசெய்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. அம்பு இருந்தால் அது நிலையம் அல்ல.

ஆக, பொதுப்பெயர் அளவைக்குறி. அதன் கீழ் மட்டக்குறி, நிலையக்குறி, நிலையத்தைக் காட்டும் சுட்டுக்குறி.

வேட்டை வேண்டாம். வேட்டையில் எதையாவது பிடித்துக் கொண்டுவருவார்கள். இங்கே குறியை அசைப்பதே குற்றம். பழைய அமெரிக்க வட்டுகளில் 250 டாலர் அபராதம் என்று பொறித்தே இருக்கிறது. தேடல் போதும்.

அன்புடன்,
ம.

———

> பொதுப்பெயர் அளவைக்குறி

ம. அம்மாவின் வகைப்பிரிப்புக்கு வலு சேர்க்க பிரிட்டனிலிருந்து ஒரு சான்று. அந்நாட்டு வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே மலை உச்சிகளில் நிறுத்திய கான்கிரீட் தூண்கள் 6,500-க்கு மேல். முதல் தூண் 1936 ஏப்ரல் 18 அன்று இங்கிலாந்தின் கோல்டு ஆஷ்பியில் பயன்பாட்டுக்கு வந்தது. தூணின் தலையில் கருவியை உட்காரவைக்க மூன்று பள்ளம் கொண்ட பித்தளைத் தகடு இருக்கும்: அது நிலையக்குறி. அதே தூணின் பக்கவாட்டில், கீழ்ப்பகுதியில், எண் பொறித்த ஒரு பித்தளைப் பட்டை: அது மட்டக்குறி. ஒரே தூணில் இரண்டு. பட்டைக்குரிய உயரத்தைத் தூணின் தலைக்கு எழுதிவிட்டால் ஒரு மீட்டர் அளவுக்குத் தவறிவிடும். ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் அந்தத் தவறு நடந்தே தீரும்.

மட்டக்குறிக்குள்ளும் வகைப்பெயர் வேண்டும். ஒவ்வொரு வகையிலும் உயரம் எந்தப் புள்ளிக்கு என்பது வேறு. சுவரில் கிடைக்கோடும் அதை நோக்கி மேலேறும் மூன்று கோட்டு அம்பும் வெட்டியிருந்தால், உயரம் கிடைக்கோட்டின் நடுவுக்கு. இதற்கு வெட்டுக்குறி. சுவரோடு சுவராகப் பதித்த 9 செ.மீ. அகல, 17.5 செ.மீ. உயரப் பித்தளைப் பட்டையில், உயரம் அம்பின் நுனியில் உள்ள சிறு மேடைக்கு. இதற்குப் பட்டைக்குறி. காளான் தலைபோல் மேலெழுந்த பித்தளைக் குமிழில் உயரம் குமிழின் உச்சிக்கு, குமிழ்க்குறி. இன்னொரு வகையில் கல்லின் மேற்பரப்பில் ஒரு சிறு குழி மட்டும் இருக்கும். அதில் 5/8 அங்குல எஃகுக் குண்டை வைத்து அதன்மேல் கோலை நிறுத்துவார்கள், ஆகவே உயரம் குழிக்கு அல்ல, குண்டின் உச்சிக்கு. குழிக்குறி என்றால் படிப்பவர் குழியின் அடியை நினைத்துவிடுவார் என்பது என் தயக்கம். குண்டுக்குழி என்று வைக்கலாமா?

வெட்டுக்குறிதான் எண்ணிக்கையில் மிக அதிகம், தேடுவதற்கும் சுவையானது. ஒரு மைலுக்கு 25 அங்குல அளவில் வரைந்த பழைய வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பி.எம். (பெஞ்ச்மார்க்) என்ற எழுத்தும் அடியில் உயரமும் ஓர் அம்பும் இருக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். தேவாலய மூலை, பாலத்தின் கைப்பிடிச்சுவர், வாயில் தூண். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் வெட்டியிருப்பார்கள். நடைபாதை உயர்ந்த ஊர்களில் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருக்கும், சில இடங்களில் அம்பு மண்ணுக்குள் போய்க் கிடைக்கோடு மட்டும் தெரியும். உச்சி வெயிலில் நேரே பார்த்தால் தெரியாத கோடு, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நிழல் விழுந்து தெரியும். பாசி படர்ந்திருந்தால் மென்மையான தூரிகையும் தண்ணீரும் போதும். கம்பித் தூரிகை மணற்கல்லில் வெட்டின் விளிம்பையே அழித்துவிடும்.

அம்பு தலைகீழாகவோ சாய்ந்தோ இருந்தால் சுவரை இடித்துக் கட்டியபோது அந்தக் கல்லை வேறு வரிசையில் வைத்துவிட்டார்கள் என்று பொருள். குறி இருக்கிறது, உயரம் செத்துவிட்டது. இதற்கும் ஒரு சொல் தேவை. 'இடம்பெயர்ந்த குறி' என்று எழுதிவருகிறேன்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 19-ஆம் நூற்றாண்டு வரைபடத்தில் அடிக்கணக்கில் இருப்பது லிவர்பூல் கடல்மட்டத்திலிருந்து. பிற்காலப் பட்டியல் தென்மேற்கு இங்கிலாந்தின் நியூலினில் 1915 முதல் 1921 வரை அளந்த சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும். அடியை மீட்டராக்கி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டடம் அமிழ்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

இளங்.

———

> பொதுப்பெயர் அளவைக்குறி

நண்பர்களே, தமிழ்நாட்டு வாசகர் அளவைக்குறி என்றதும் சர்வே கல்லைத்தான் நினைப்பார். வயல் மூலையில் இருப்பது எல்லைக்கல், அது பட்டாதாரரின் சொத்துக்குச் சாட்சி. பொழுதுபோக்குக்காக யாரும் அதன் பக்கத்தில் கம்பியோடு போய் நிற்கக் கூடாது, வீண் வழக்குக்கு இடமாகிவிடும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே எல்லைக்கல் இதில் சேராது என்று எழுதிவிட வேண்டும்.

நம் மண்ணிலும் உண்மையான மட்டக்குறிகள் உண்டு. ஜி.டி.எஸ். (இந்தியப் பெரும் முக்கோண அளவை), பி.எம். என்ற எழுத்துகள் பொறித்த கற்கள் அவை. 1909-இல் கணக்கிட்டு முடித்த இந்தியாவின் முதல் மட்ட வலை ஒன்பது துறைமுகங்களின் கடல்மட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவற்றில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. ரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தைச் சிலர் மட்டக்குறி என்கிறார்கள். அது ஓர் அறிவிப்பு. கோலை நிறுத்த அதில் எந்தப் புள்ளியும் இல்லை.

நிலையக்குறி என்ற சொல் பற்றியும் ஓர் ஐயம். தொலைவிலிருந்து நோக்கி மட்டும் அளந்த தேவாலயக் கூம்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவையும் அமெரிக்கப் பட்டியலில் வருகின்றன. அவற்றில் கருவி ஏறவே இல்லை. தென்னிந்தியாவில் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் காவிரிப் படுகையில் கோயில் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றியே அளந்தார். 1808-இல் தஞ்சாவூரில் கோணம் அளக்கும் பெரிய கருவியான தியோடலைட் கயிறறுந்து சுவரில் மோதிச் சேதமானது அப்படித்தான். கருவி நின்ற கோபுரம் நிலையம். நோக்கப்பட்ட கூம்பு நிலையம் ஆகாது. பின்னதற்கு நோக்குக்குறி என்று தனிச் சொல் வேண்டும். பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்து 20 மீட்டர் தள்ளிப் புதிது கட்டியிருந்தால், ஊரும் பெயரும் ஒன்றாக இருந்தாலும் அது பழைய குறி அல்ல என்பதையும் அந்தப் பதிவிலேயே சொல்லிவிடலாம்.

ப.

———

> எல்லைக்கல் இதில் சேராது
> நோக்குக்குறி

இரண்டையும் அப்படியே ஏற்கிறேன். குண்டுக்குழியும் சரி. பொழுதுபோக்கின் பெயர் அளவைக்குறி தேடல் என்று மாற்றிவிட்டேன், ம. அம்மா சொன்ன காரணம் நியாயம்.

இன்னும் தீராதது, தரவுத்தாளில் குறியின் நிலையைச் சொல்லும் 'ரிகவர்டு'. அகராதியைப் பார்த்து மீட்கப்பட்டது என்று எழுதினால், தோண்டி எடுத்துவிட்டார்கள் என்றாகிவிடும். சொல்ல வந்தது, அந்த இடத்திலேயே இருக்கிறது, இதுதான் அது என்று உறுதியாயிற்று என்பது. 'இனங்காணப்பட்டது' எப்படி?

செ.

———

> 'இனங்காணப்பட்டது' எப்படி?

மிகப் பொருத்தம், ஐயா. கண்ணில் பட்டது என்பதற்கும் இனங்கண்டது என்பதற்கும் நடுவில்தான் வேலையே இருக்கிறது. வட்டில் பொறித்த எழுத்தும் ஆண்டும் தரவுத்தாளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எஃப் 123 1934 என்ற வட்டைத் தேடிப் போன இடத்தில் எஃப் 123 ரீசெட் 1958 என்று இருந்தால், அது வேறு குறி, அதற்கு வேறு அடையாள எண். பழையது அழியும் நிலையில் இருந்ததால் பக்கத்தில் புதிதாகப் பதித்து உயரத்தை மாற்றிக்கொண்டார்கள். ரீசெட் என்பதற்கு 'மறுபதிவு' வேண்டாம், ஆவணம் பதிவதுபோல் ஒலிக்கிறது. 'மாற்றுக்குறி' என்று வைக்கலாம்.

எழுத்து தேய்ந்திருந்தால் மாவு தூவித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கிப் படத்தில் தெளிவாக வரும். நெருக்கத்தில் ஒரு படமும், சூழல் தெரிய ஒரு படமும், இரண்டாவது எந்தத் திசை நோக்கி எடுத்தது என்ற குறிப்பும் அவசியம். வட்டில் கடல்மட்ட உயரம் பொறித்திருந்தாலும் அதைப் பதிவில் உயரமாக எழுதக் கூடாது. உயரத்தை எதிலிருந்து அளப்பது என்பதற்கான 1929-இன் அமெரிக்க அடிப்படை 26 கடல்மட்ட நிலையங்களைப் பிடித்து நின்றது. 1988-இன் அடிப்படை கியூபெக்கில் உள்ள ஒரே இடத்தைப் பிடித்து நிற்கிறது. எண்கள் மாறிவிட்டன.

கிடைக்காதவற்றுக்கு இரண்டு சொற்கள் கட்டாயம் தேவை: 'தென்படவில்லை', 'அழிந்தது'. தேடியும் கிடைக்கவில்லை என்றால் முன்னது மட்டுமே. பின்னதை எழுதப் பெயர்த்தெடுத்த வட்டோ அதற்கு நிகரான சான்றோ கையில் இருக்க வேண்டும். அழிந்தது என்று ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்தவர் அந்தப் பக்கமே போகமாட்டார், மண்ணுக்கு ஒரு சாண் கீழே நல்ல நிலையில் இருக்கும் குறி கணக்கிலிருந்து போய்விடும். பட்டியலில் இந்த இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து வைத்து, வேறுபாட்டை அங்கேயே எழுதிவிடுங்கள்.

ம.